இறந்தவர் கடனும் இருப்பவர் கையெழுத்தும்

(ஊரக வளர்ச்சிப் பயிற்சி முகாமொன்றில் மாணவர்களும் அலுவலர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய உரை)



நான் அரசுப் பணியில் சேர்ந்த புதிதில் ஒரு தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். தந்தையை இழந்த ஓர் இளைஞர் வாரிசுச் சான்றிதழ் பெற வந்தார். பள்ளியொன்றில் கடைநிலை ஊழியர். தந்தைக்கிருந்த ஒரு ஏக்கர் நிலமும் மருத்துவச் செலவுக்காக முன்னரே விற்கப்பட்டுவிட்டது. சான்றிதழைக் கொடுத்தேன், பதிவேட்டில் கையொப்பம் வாங்கிக்கொண்டேன், என் கடமை முடிந்ததென்று எண்ணினேன். கருமாதியன்றே வட்டிக்கடைக்காரர் ஒருவர் அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, அசலையும் வட்டியையும் கூட்டி, மகன் பெயரிலேயே புதிய புரோநோட்டு எழுதி வாங்கியிருந்தார் என்பதைப் பின்னரே அறிந்தேன். கையெழுத்திடும்வரை அந்த இளைஞர் யாருக்கும் ஒரு காசும் தர வேண்டியவரல்லர். இட்ட பின்னர் பல ஆண்டுகள் தம் சம்பளத்திலிருந்து தவணை கட்டினார்.

'தந்தை கடன் மைந்தன் தலையில்' என்ற நம்பிக்கை நம் நாட்டில் ஆழ வேரூன்றியது. அதற்குக் காரணமும் உண்டு. இந்து சட்டத்தில், ஒழுக்கக்கேடான செயலுக்காக வாங்கப்படாத தந்தையின் கடனைத் தீர்ப்பது மகனின் புனிதக் கடமை எனக் கொள்ளப்பட்டது. அப்போதும் கூட்டுக் குடும்பச் சொத்தில் அவனுக்குள்ள பங்கின் அளவிற்கே பொறுப்பு. அவன் சொந்த உழைப்பின் ஊதியத்தை அது தொடவில்லை. மக்கள் இந்த வேறுபாட்டை அறியவில்லை. கடன் கொடுத்தவர்கள் அறிவிக்கவுமில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டத்திற்கு 2005ஆம் ஆண்டில் செய்யப்பட்ட திருத்தம், அவ்வாண்டு செப்டம்பர் 9 முதல், புனிதக் கடமை என்ற ஒரே காரணத்தால் மகன்மீதோ பேரன்மீதோ கொள்ளுப்பேரன்மீதோ வழக்குத் தொடரும் உரிமையை நீக்கிவிட்டது. அதற்கு முன்பு வாங்கிய கடன்களுக்கு மட்டும் பழைய நிலை தொடரும்.

இந்த நம்பிக்கையின் மிகக் கொடிய வடிவம் கொத்தடிமை முறை. தந்தை பெற்ற முன்பணத்திற்காக மகனும், மகனுக்குப் பின் பேரனும் ஒரே நிலத்தில், ஒரே சூளையில் உழைத்தனர். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், வாரிசு வழியாக வந்து சேரும் கடப்பாட்டினால் செய்யப்படும் உழைப்பையும் தன் வரையறைக்குள் வெளிப்படையாகச் சேர்த்தது. அத்தகைய கடன் யாவும் அழிந்துபட்டதாகவும் அறிவித்தது. கள அலுவலர்கள் இச்சட்டத்தைப் படிக்கும்போது அந்த வரையறையைத் தவறாமல் படிக்க வேண்டுகிறேன்.

இன்றைய பொது விதியை 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 50ஆம், 52ஆம் பிரிவுகளில் காணலாம். இறந்தவரின் சொத்தில் எவ்வளவு வாரிசின் கைக்கு வந்ததோ அவ்வளவுக்கே அவர் பொறுப்பாளி. ஒருவர் 2 லட்சம் ரூபாய் பெறுமான சொத்தையும் 5 லட்சம் ரூபாய் கடனையும் விட்டுச் சென்றால், எஞ்சும் 3 லட்சத்திற்காக மகளின் சம்பளத்தையோ மகனின் வீட்டையோ ஜப்தி செய்ய இயலாது. ஆனால் ஓர் எச்சரிக்கை. கைக்கு வந்த சொத்தை விற்றுவிட்டு, அது முறையாகச் செலவாயிற்று என்று காட்ட முடியாத வாரிசு, அந்த அளவிற்குத் தாமே பொறுப்பாளி ஆகிறார். எனவே, ஒரு நாற்பது பக்க நோட்டில் வரவு செலவு எழுதி, ரசீதுகளைச் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்.

மூன்று இடங்களில் இவ்விதி வாரிசைக் காக்காது. அடமானம் வைத்த வீடும் அடகு வைத்த நகையும் கடனைத் தம்மோடு சுமந்தே வருகின்றன. இறந்தவருடன் கூட்டாகக் கடன் வாங்கியவரும் ஜாமீன் நின்றவரும் வாரிசு என்ற முறையிலன்றித் தம் சொந்த ஒப்பந்தத்தால் கட்டுப்பட்டவர்கள்; வீட்டுக் கடனில் மனைவியின் கையெழுத்தும் இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். மூன்றாவது, நான் தொடக்கத்தில் கூறிய புதிய கையெழுத்து. சாதாரணக் கைமாற்றுக்கு மூன்றாண்டு காலவரம்பு உண்டு. வரம்பு கடந்துபோன கடனைக்கூடத் தருவதாக எழுதிக் கையொப்பமிட்டால், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி அது உயிர் பெற்றுவிடும்.

எந்தக் கடனை முதலில் தீர்ப்பது? பெரும்பாலும் உரக்கக் கேட்பவருக்கே முதலில் பணம் போகிறது. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் கூறும் வரிசை வேறு. முதலில் நியாயமான ஈமச் செலவும் இறுதிக்கால மருத்துவச் செலவும். அடுத்து, சொத்தை நிர்வகிக்க நீதிமன்ற அனுமதி பெறும் செலவு. அதன்பின், இறப்பதற்கு முந்தைய மூன்று மாதங்களில் அவரிடம் வேலை செய்த தொழிலாளி, கைவினைஞர், வீட்டுப் பணியாளர் ஆகியோரின் கூலி. மற்றக் கடன்களுக்கெல்லாம் விகிதப்படி சமமாகத் தர வேண்டும். கூலிக்காரரின் மூன்று மாதக் கூலியை வியாபாரியின் பாக்கிக்கு முன்னால் வைத்த அந்த விதியை நான் பெரிதும் மதிக்கிறேன். முஸ்லிம் சட்டத்திலும் அடக்கச் செலவும் கடனும் கழிந்த பின்னரே பங்கீடு.

கடன்காரர் கை வைக்க முடியாத பணமும் உண்டு. அரசு ஊழியரின் சேமநலநிதி 1925ஆம் ஆண்டுச் சட்டப்படி, அவரைச் சார்ந்தோருக்கு அவர் கடன்களிலிருந்து விடுபட்டே சேருகிறது. மனைவி மக்களுக்கென 1874ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின்கீழ் எடுத்த ஆயுள் காப்பீடும் அத்தகையதே. வங்கிப் பாஸ்புத்தகத்தில் ஆண்டுக்கொரு முறை 436 ரூபாய் பிடிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டத்தின் 2 லட்ச ரூபாய்க் காப்பீடாக இருக்கலாம். வங்கி வைப்பில் நியமனதாரர் என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கை மட்டுமே, உரிமை வாரிசுகளுடையது. இதை அறியாமல் உடன்பிறந்தோர் நீதிமன்றம் செல்கின்றனர்.

சேவை ஒப்பந்தங்களைப் பற்றிச் சுருக்கமாகவே கூறுகிறேன். ஒப்பந்தச் சட்டத்தின் 37ஆம் பிரிவின்படி இறந்தவரின் வாக்குறுதி அவர் பிரதிநிதிகளைக் கட்டுப்படுத்தும். ஆனால் அவருடைய சொந்தத் திறமையைச் சார்ந்தது அவரோடு முடியும். படம் வரைவதாக ஒப்புக்கொண்ட ஓவியர் இறந்தால், அவர் மகனைத் தூரிகை எடுக்கச் சொல்ல முடியாது. தொலைபேசி, இணையம் போன்றவற்றில் அதுவரையுள்ள பாக்கி சொத்திலிருந்து தீர வேண்டியது; அறிவிக்காமல் தொடர்ந்து பயன்படுத்தினால், பயன்படுத்தியவர் தலையில் விழும். மின் இணைப்பு வீட்டைச் சார்ந்தது. அதில் குடியிருக்க விரும்புவோர் நிலுவையைத் தீர்த்துப் பெயர் மாற்றிக்கொள்வதே நல்லது. கணக்கிலிருந்து தானாகவே பிடிக்கப்படும் தவணைகளும் சந்தாக்களும் யாருக்கும் தெரியாமல் மாதக்கணக்கில் ஓடுகின்றன. ஆகவே இறப்புச் சான்றிதழ் கிடைத்தவுடன் முதல் நகல் வங்கிக்குச் செல்ல வேண்டும். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் இவையனைத்தும் எளிதாகும். ஒன்று மட்டும் வேண்டாம்: இறந்தவரின் ஏ.டி.எம். அட்டையால் பணம் எடுப்பது. அவசரத்தில் எல்லாக் குடும்பங்களிலும் நடப்பதுதான். வழக்கு வந்தால் விளக்குவது கடினம்.

கடன் வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கலாகாது, கடனாளியின் குடும்பத்தினரைத் தொல்லைப்படுத்தலாகாது என ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் அறிவுறுத்தியது. துக்க வீட்டில் இருப்பவருக்கு அந்தச் சுற்றறிக்கை தெரிந்திருக்குமா? அதைச் சொல்ல வேண்டிய இடம் நம் மேசைதான்.

அந்த இளைஞரின் நிகழ்ச்சிக்குப் பின், வாரிசுச் சான்றிதழை நீட்டும் முன் ஒரு கேள்வி கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்: "யாராவது உங்களிடம் கையெழுத்துக் கேட்டார்களா?" பலர் இல்லையென்பார்கள். சிலர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளொன்றை எடுப்பார்கள். அதை வாங்கிப் படித்துப் பார்ப்பேன்.