அடுப்பில்லாப் பலகாரம்

கிருஷ்ண ஜெயந்திக்கும் பள்ளி விடுமுறைக்கும் குழந்தைகளே செய்யக்கூடிய பலகாரம் அவல் உருண்டை. இதற்கு அடுப்பு வேண்டாம். நெல்லை ஊறவைத்து, வறுத்து, சூட்டோடு இடித்துத் தட்டையாக்குவதே அவல். வெந்த பக்குவம் அதிலேயே இருப்பதால், ஈரம் பட்டாலே மென்மையாகிவிடும்.

தாமிரபரணிக் கரையின் நெல்லும், உடன்குடி தேரிக்காட்டுப் பனையும் சேர்ந்தால் இதற்குத் தனி ருசி. உடன்குடிப் பனங்கருப்பட்டி 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது.

2 கப் அவலை மிக்ஸியில் ரவைபோலப் பொடிப்பது பெரியவர்கள் வேலை. 1 கப் தட்டிய கருப்பட்டியை அரை கப் வெதுவெதுப்பான நீரில் குழந்தைகள் கலக்கிக் கரைக்கலாம். கருப்பட்டியில் மண் இருக்கும். துணியில் வடிகட்டுவது அவசியம். அடியில் தங்கும் கசடைப் பார்த்ததும் காரணம் குழந்தைக்கே விளங்கும்.

பொடித்த அவலில் அரை கப் தேங்காய்த் துருவல், ஏலக்காய்த் தூள், சிட்டிகை சுக்குப்பொடி சேர்த்து, கருப்பட்டிக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பிசைய வேண்டும். பத்து நிமிடம் ஊறினால் அவல் ஈரத்தை இழுத்து இறுகும். பிடித்துப் பார்த்து உதிர்ந்தால் இன்னும் சிறிது கரைசல். ஒட்டினால் ஒரு கை அவல். பிறகு கையில் நெய் தடவி எலுமிச்சை அளவில் உருட்டலாம்.

பச்சைத் தேங்காய் சேர்வதால் அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும். மறுநாளைக்கு வைக்க வேண்டுமானால் தேங்காய்க்குப் பதில் பொரிகடலை மாவு சேர்த்து, குளிர்பதனப் பெட்டியில் வைப்பது நல்லது.