நோய்க்கு முன்னே நடந்தவர்



இந்தப் பட்டமளிப்பு விழாவுக்காகத் தாராவியிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் கிளம்பிய குடும்பங்கள் தாணேயில் வண்டி மாறி ஐரோலியில் இறங்கியிருக்கும். செம்பூர்க்காரர்கள் வாஷி பாலம் தாண்டி வந்திருப்பார்கள். பட்டம் வாங்குகிற பிள்ளையைப் பார்க்கத் தாத்தா பாட்டிகளும் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த உரையில் பாதி அவர்களைப் பற்றியது. மறதி, கை நடுக்கம், நடைத் தளர்ச்சி என்று மூளையை மெல்ல அரிக்கும் நோய்களை வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்ட ஒருவரின் கதை இது. கணினிப் பட்டதாரிகள் நிறைந்த மண்டபத்தில் இந்தக் கதை எதற்கு என்று தோன்றலாம். அவர் கடைசியில் வந்து சேர்ந்த இடம் கணினிக்காரர்களுக்கு மிகவும் பக்கம்.

விஜயலட்சுமி ரவீந்திரநாத் 1953இல் சென்னையில் பிறந்தார். ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் படித்து, 1981இல் மைசூர் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் சில காலம் ஆய்வு செய்துவிட்டு, 1986இல் பெங்களூருவின் மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸில் சேர்ந்தார்.

நிம்ஹான்ஸில் மருத்துவமனையும் ஆய்வகமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. மனநோய்க்கும் வலிப்புக்கும் மாத்திரை வாங்க வருகிறவர்களின் வரிசை ஓய்வதில்லை. விழுங்கிய மருந்தைக் கல்லீரல் உடைத்து மாற்றும் என்பது எல்லோரும் படித்த பாடம். மூளையும் அதைச் செய்யுமா என்று அவர் கேட்டார். விபத்தில் இறந்தவர்களின் மூளைத் திசுவில் தேடியபோது, கல்லீரலில் இருக்கும் சைட்டோகுரோம் பி450 குடும்பத்து நொதிகள் அங்கேயும் வேலை செய்வது தெரிந்தது. பதற்றத்துக்குக் கொடுக்கும் அல்பிரசோலம் போன்ற மருந்தை மூளை தன் போக்கில் மாற்றுகிறது, கல்லீரலின் போக்கில் அல்ல. ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்து மட்டும் மூளைக்குள் நடப்பதைச் சொல்லிவிட முடியாது.

அடுத்த கேள்வி வயலிலிருந்து வந்தது.

கேசரிப் பருப்பு என்று ஒன்று உண்டு. விதர்பாவில் லாக் என்பார்கள். மழை பொய்த்தாலும் விளையும், தண்ணீர் தேங்கினாலும் தாங்கும். பஞ்ச காலத்தில் ஏழையின் தட்டுக்கு வேறு பருப்பு வராது. மாதக்கணக்கில் அதையே முக்கிய உணவாகத் தின்றவர்களுக்குக் கால் விறைத்து, கோல் ஊன்றி நடக்கும் நிலை வந்தது; வந்தது நீங்கவில்லை. மருத்துவர்கள் அதை லத்தைரிசம் என்கிறார்கள். 1961இல் பல மாநிலங்களில் அந்தப் பருப்பின் விற்பனை தடை செய்யப்பட்டது. 1964இல் அதிலிருக்கும் நஞ்சு பிரித்தறியப்பட்டது.

நரம்பணுக்கள் வேதிப்பொருள்கள் வழியாகப் பேசிக்கொள்கின்றன. ஓர் அணுவின் முனையிலிருந்து குளுட்டமேட் வெளிப்பட்டு அடுத்த அணுவின் ஏற்பியில் படும்போது அந்த அணு கிளர்ச்சி அடைகிறது. கேசரிப் பருப்பின் நஞ்சு குளுட்டமேட்டின் வேடத்தில் வந்து அதே ஏற்பியில் உட்கார்ந்துகொள்ளும். ஓயாத கிளர்ச்சியில் அணு செத்துப்போகும். இந்த விளக்கம் ஏற்கெனவே இருந்தது. விஜயலட்சுமியின் குழு எலிகளில் அதற்கும் முந்தைய கட்டத்தைத் தேடியது. அணு சாவதற்கு முன்பே, ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் காம்ப்ளக்ஸ் ஒன்று என்ற புரதத் தொகுதி முடங்கியிருந்தது. அதிலுள்ள கந்தகப் பகுதிகள் ஆக்சிஜனேற்றத்தில் கெட்டிருந்தன. 1998இல் அந்த முடிவு வெளியானது. செத்த அணுவை எண்ணிக்கொண்டிருந்தால் தாமதமாகிவிடும், அதற்கு முன் எது கெட்டது என்று பார்க்க வேண்டும் என்ற வழியிலேயே அவருடைய பிந்தைய ஆய்வும் போனது.

காம்ப்ளக்ஸ் ஒன்று மூளை மருத்துவத்துக்குப் புதிய பெயரல்ல. 1982இல் கலிஃபோர்னியாவில் போலி ஹெராயினை ஊசியில் ஏற்றிக்கொண்ட சில இளைஞர்கள், முற்றிய பார்க்கின்சன் நோயாளிகளைப்போல அசைய முடியாமல் உறைந்துபோனார்கள். அதில் கலந்திருந்த எம்பிடிபி என்ற பொருள் உடலில் மாற்றமடைந்து முடக்குவது இதே காம்ப்ளக்ஸ் ஒன்றைத்தான். பஞ்சத்தில் பருப்புத் தின்ற உழவரையும் அமெரிக்க நகரத்துப் போதை இளைஞரையும் தாக்கிய நஞ்சுகள் வேறு வேறு. அடி விழுந்த இடம் ஒன்று.

கெட்ட கந்தகப் பகுதியைத் திருப்பிச் சரிசெய்ய அணுவுக்குள் குளுட்டாரெடாக்சின் என்ற சிறிய நொதி இருக்கிறது. அது இல்லாமல் காம்ப்ளக்ஸ் ஒன்று மீளாது என்று 2003இல் அந்த ஆய்வகம் காட்டியது. பெண் எலிகளின் மூளையில் இந்த நொதி கூடுதல், அதனால் எம்பிடிபியை அவை நன்றாகத் தாங்குகின்றன என்று அடுத்த ஆண்டு வந்த கட்டுரை சொன்னது. லத்தைரிசமும் பார்க்கின்சனும் பெண்களைவிட ஆண்களை அதிகம் பிடிப்பதற்கு இதில் ஒரு காரணம் இருக்கலாம்.

மூளை ஆய்வில் மும்பைக்கும் பங்கு உண்டு. 1970களில் கொலாபாவின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஒபைத் சித்திக்கி, சூடு ஏறினால் முடங்கிவிடும் பழ ஈக்களை வைத்து நரம்புச் செய்தி எங்கே அறுந்துபோகிறது என்று சீமோர் பென்சருடன் சேர்ந்து ஆராய்ந்தார். நரம்பியல் மருத்துவர் நாதிர் பரூச்சாவின் குழு பார்சி காலனிகளில் வீடு வீடாக ஏறி 14,010 பேரைக் கணக்கெடுத்தது. லட்சத்துக்கு 328 பேருக்குப் பார்க்கின்சன் இருப்பதாக 1988இல் அது அறிவித்தது. முதியவர்கள் நிறைந்த சமூகம் அது. மற்ற சமூகங்களுக்கும் வயது கூடும்போது என்ன வரும் என்பதை அந்தப் படிக்கட்டுகளில் ஏறி இறங்கியவர்கள் முன்கூட்டிச் சொன்னார்கள்.

அல்சைமர் நோயிலும் விஜயலட்சுமி முன்கட்டத்தையே தேடினார். இரண்டு நரம்பணுக்கள் சந்திக்கும் சினாப்ஸில், புதிதாக ஒன்றைக் கற்கும்போது புதுப் புரதம் தேவைப்படுகிறது. அதில் ஒரு பகுதியை சினாப்ஸ் தூரத்திலிருந்து வரவழைக்காமல், வீட்டு அடுப்பைப்போல அங்கேயே சமைத்துக்கொள்ளும். சமையலைத் தொடங்கச் சொல்லும் செய்தி ஏகேடி1 என்ற புரதம் வழியாகப் போகிறது. நோய் மரபணு ஏற்றிய எலிகளில், மறதி வெளியே தெரியும் முன்பே இந்தச் செய்தி அறுந்திருப்பதை 2017இல் அவர் குழு காட்டியது. சினாப்ஸின் வடிவத்தைத் தாங்கும் ஆக்டின் இழைகளும் அதே இளம் வயதில் சிதைகின்றன என்ற முடிவு மறு ஆண்டு வந்தது.

இடையில் 2012இல் அஸ்வகந்தா ஆய்வு பரபரப்பானது. அல்சைமர் எலிகளுக்கு அந்த வேரின் சாற்றை முப்பது நாள் கொடுத்ததும் நினைவுக் குறை சரியானது. கல்லீரலில் ஒரு புரதம் பெருகி, மூளையின் கழிவை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொண்டது. மூளை நோய்க்குக் கல்லீரல் வழியாக மருந்து என்பது அதில் புதுமை. எலிக்குப் பலித்தது மனிதருக்குப் பலித்ததாக ஆகாது. வீட்டில் பாட்டிக்குப் பொடி வாங்கிக் கொடுக்க அந்தக் கட்டுரையை ஆதாரமாகக் காட்ட முடியாது.

ஆய்வகத்தோடு நிறுவனங்களையும் அவர் கட்டினார். ஹரியானாவின் மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையத்துக்கு முதல் இயக்குநர். 2003 டிசம்பரில் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். 2009இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்து நரம்பியல் மையத்தைத் தொடங்கினார். பிறகு இன்ஃபோசிஸ் இணை நிறுவனர் கிரிஸ் கோபாலகிருஷ்ணனின் பிரதிக்ஷா அறக்கட்டளை உதவியில் அதே வளாகத்தில் மூளை ஆராய்ச்சி மையம் எழுந்தது. அதற்கும் அவரே முதல் இயக்குநர். 1996இல் அறிவியலுக்கான பட்நாகர் விருதும் 2010இல் பத்மஸ்ரீயும் வந்தன.

எலியில் நோய்க்கு முன்கட்டத்தைப் பார்த்தவர் மனிதரிலும் அதைப் பார்க்க வேண்டுமென்றால், நோயே இல்லாதவர்களிடம்தான் போக வேண்டும். கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் ஸ்ரீனிவாசபுரா வட்டாரம். 2018இல் அங்கே மூளை ஆராய்ச்சி மையத்தின் நெடுங்கால ஆய்வு ஒன்று தொடங்கியது. 45 வயது கடந்த, மறதி நோய் இல்லாத பத்தாயிரம் கிராமத்தாரைச் சேர்த்து ஆண்டுக்கணக்கில் பின்தொடர்வது இலக்கு. ஆஷா எனப்படும் கிராமச் சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுப் படியேறிப் பேசி அழைத்து வருகிறார்கள். ரத்தம், மரபணு, எம்ஆர்ஐ, நினைவுச் சோதனை எல்லாம் உண்டு. மேல்நாட்டில் செய்யப்பட்ட நினைவுச் சோதனைகள் பெரும்பாலும் பள்ளிக்கூடம் போனவர்களுக்காக எழுதப்பட்டவை. பள்ளிப் பக்கமே போகாத ஒரு விவசாயி அதில் குறைந்த மதிப்பெண் வாங்கினால், தவறு அவர் மூளையிலா, கேள்வித்தாளிலா என்று பிரித்தறிய வேண்டியிருக்கிறது. இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளியான நாடு தழுவிய மதிப்பீடு சொல்கிறது.

கணினிப் பட்டதாரிகளின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. நெடுங்கால ஆய்வு சோதனைக் குழாயில் தோற்பதைவிடப் பதிவேட்டில் தோற்பது அதிகம். ஒருவரின் பெயர் மூன்று விதமாக எழுதப்படும், கைபேசி எண் மாறும், மகன் வீட்டோடு நகரத்துக்குப் போனவர் மறுமுறை வரமாட்டார். ஐந்தாம் ஆண்டில் எடுத்த எம்ஆர்ஐ முதலாண்டுப் படத்தோடு பொருந்த வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் செய்யக்கூடிய சோதனையைத் தமிழிலும் மராத்தியிலும் உருவாக்க வேண்டும். பேச்சின் தடுமாற்றத்தையும் நடையின் மாற்றத்தையும் சீக்கிரம் பிடிக்கும் கருவிகள் வேண்டும். மருத்துவர்களால் தனியாக இதைச் செய்ய முடியாது.

45 வயதில் 2018இல் அந்த ஆய்வில் சேர்ந்தவருக்கு 2038இல் 65 வயது ஆகியிருக்கும். அவருடைய இருபது ஆண்டுப் பதிவுகளை அன்று திறந்து பார்க்க, இன்றைக்கு இருபத்திரண்டு வயதில் இருக்கிறவர்கள் தேவைப்படுவார்கள். ஐரோலி மைண்ட்ஸ்பேஸின் கணினி நிறுவனக் கட்டடங்களில் வேலைக்குச் சேரப்போகிறவர்களும், இன்னும் வேலை தேடிக்கொண்டிருக்கிறவர்களும் அந்தத் தேவையை மனதில் குறித்துக்கொள்ளலாம்.