நல்லெண்ணமும் நற்பயனும்

குற்றம் புரிந்தவனைத் தண்டிப்பது நீதிமன்றத்தின் கடமை. குற்றம் பிறவாமற் காப்பது ஊரவரின் கடமை. இக்கடமையை உணர்ந்தோர் ஆங்காங்கே பல திட்டங்களை வகுத்து நடத்துகின்றனர். ஆனால், அவற்றால் விளைந்த பயன் யாதென அளந்தறிய முற்படுவோர் மிகச் சிலரே. அவ்வாறு அளந்தறிந்த ஒரு முயற்சியின் வரலாறு நேயர்களின் சிந்தனைக்குரியது.

ஐக்கிய அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில், பொஸ்ரன் நகருக்கு அயலே கேம்பிறிட்ஜ், சோமர்வில் என்னும் இரு நகரங்கள் உள்ளன. அங்கு வறிய குடும்பங்கள் வாழ்ந்த பகுதிகளிற் சிறுவர் பலர் நெறி தவறுவதைக் கண்டு வருந்தினார் றிச்சட் கபொற் என்னும் வைத்தியர். அன்புடைய ஒருவர் நண்பராய் நின்று வழிகாட்டினால் இச்சிறுவர் நல்வழிப்படுவர் என்பது அவர் நம்பிக்கை. 1939ஆம் ஆண்டிற் பணி தொடங்கியது. அவ்வாண்டிலேயே அவர் காலமானார். எனினும் பணி 1945 வரை நடைபெற்றது.

கபொற் தம் நம்பிக்கையைச் சோதனைக்கு உட்படுத்தத் தயங்கவில்லை என்பதே இதன் சிறப்பு. வயது, அறிவுத்திறன், குடும்பச் சூழல் ஆகியவற்றில் ஒத்த சிறுவர் இருவர் இருவராக இணைக்கப்பட்டனர். இருவருள் எவனுக்கு உதவி கிடைக்கும் என்பதை நாணயம் சுண்டித் தீர்மானித்தனர். ஒருவன் வீட்டுக்கு ஆலோசகர் சென்றார். பாடத்துக்கும் வைத்தியத்துக்கும் உதவி கிடைத்தது. கோடை முகாமுக்கு அனுப்பப்பட்டோரும் உளர். மற்றவன் தன்பாட்டிலே வளர்ந்தான். முடிவில் ஆராயப்பட்டோர் 506 பேர். பகுதிக்கு 253 பேர்.

1951இல் வெளிவந்த முதல் ஆய்வு, குற்றம் புரிவதில் இரு பகுதியினர்க்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லையெனக் கூறிற்று. பயன் காலந்தாழ்த்தித் தோன்றலாமன்றோ? ஜோன் மக்கோட் என்னும் ஆய்வாளர், சிறுவராயிருந்த அவர்களை முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் தேடிக் கண்டறிந்தார். உதவி பெற்று விடையளித்தோருள் மூன்றில் இரு பங்கினர், அத்திட்டம் தமக்கு நன்மை செய்தது என்றனர். ஆனால், நீதிமன்ற, வைத்தியப் பதிவேடுகள் வேறு கதை கூறின. உதவி பெற்றோரிடையே, ஒரு முறை குற்றம் புரிந்தவர் மீண்டும் புரிந்தமையும், மதுவுக்கு அடிமையானமையும், இளவயதில் இறந்தமையும் கூடுதலாகக் காணப்பட்டன. 1978இல் இம்முடிவுகளை அவர் வெளியிட்டார்.

காரணம் யாது? பிறர் துணையையே நம்பியிருக்கும் பழக்கம் வேரூன்றியிருக்கலாம். குழப்படிச் சிறுவர் பலரை ஒரே முகாமிற் கூட்டியதால், ஒருவர் தீச்செயலை மற்றவர் மெச்சிப் பழகியிருக்கலாம். மீண்டும் மீண்டும் முகாமுக்குச் சென்றோரிடையே தீய விளைவு மிகுந்திருந்தமை, பின்னைய ஆய்வொன்றிற் புலனாயிற்று.

உதவி பெறாத மற்ற 253 பேரையும் தொடர்ந்து கணக்கெடாதிருந்தால், பயன் பெற்றவரின் நன்றிமொழியே அத்திட்டத்தின் வெற்றிக்குச் சான்றாய் நின்றிருக்கும். பிற ஊர்களும் அதனைப் பின்பற்றியிருக்கும். ஆதலின், குற்றத் தடுப்புத் திட்டம் வகுப்போர், எத்தனை பேருக்கு உதவினோம் என்று எண்ணுவதோடு அமைதல் ஆகாது. உதவி பெறாதோர் எவ்வாறாயினர் என்பதையும் தொடக்கத்திலிருந்தே பதிந்து ஒப்பிடல் வேண்டும். பிறர் பிள்ளைகளின் வாழ்விற் கைவைப்போர் செலுத்தவேண்டிய கடன் இது.