‘என்ப’ என்றால் போதுமா?

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவிஞர்கள் நிறைந்த அவையில் கணிதத்தைப் பற்றிப் பேசவிருக்கிறேன். கணிதத்திலும் கணினி அறிவியலிலும் ஆய்வுக் கட்டுரை எழுதுவோர், தமக்கு முன் உழைத்தவர்களை எப்படிக் குறிப்பிடுகிறார்கள் என்பதே என் பொருள். இது நமக்கு அயலான செய்தி என்று தோன்றலாம். பிறர் சொல்லை எடுத்தாளும் ஒவ்வொருவருக்கும் உரிய செய்தி இது என்பதை இவ்வுரையின் முடிவில் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் நம் வீட்டுச் செய்தியிலிருந்து தொடங்குவோம். தொல்காப்பியத்தைப் படித்தவர்கள் அதில் ‘என்ப’, ‘மொழிப’, ‘என்மனார்’ என்னும் சொற்கள் திரும்பத் திரும்ப வருவதை அறிவார்கள். ‘இது நானாகக் கண்டதன்று; எனக்கு முன்னோர் இவ்வாறு கூறினர்’ என்று ஆசிரியர் நேர்மையாக ஒப்புக்கொள்கிறார். ஆனால் அந்த முன்னோர் யார்? அவர்கள் எழுதிய நூல் எது? பெயர் இல்லை. ஆகவே அவர்கள் இன்று நமக்கு இல்லை.

பின்னால் வந்த உரையாசிரியர்கள் செய்தது வேறு. யாப்பருங்கல விருத்தியைப் பாருங்கள். அவிநயம் என்றும் காக்கைபாடினியம் என்றும் நூற்பெயரைச் சொல்லி மேற்கோள் காட்டுகிறது. அந்த நூல்கள் முழுமையாக நம் கைக்கு வரவில்லை. எனினும் அப்படி நூல்கள் இருந்தன என்பதையும், அவற்றின் சில பகுதிகளையும் நாம் அறிகிறோம். மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ என்று ஒரு நூலே தொகுக்க முடிந்ததற்குக் காரணம், யாரோ ஓர் உரைகாரர் சோம்பல் கொள்ளாமல் நூற்பெயரை எழுதி வைத்ததுதான். ‘என்ப’ என்பது பணிவு. பெயர் சொல்வது பாதுகாப்பு. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவைத்தான் இன்று பேச விரும்புகிறேன்.

கணிதக் கட்டுரையின் மரபு என்ன? ஒருவர் ஒரு தேற்றத்தைக் கையாண்டால், சதுர அடைப்புக்குறிக்குள் ஓர் எண்ணை இடுவார்; அல்லது ஆசிரியர் பெயரின் முதலெழுத்துகளை இடுவார். கட்டுரையின் இறுதிக்குப் போனால் அந்தக் குறிக்குரிய ஆசிரியர், தலைப்பு, இதழ், ஆண்டு, பக்கம் எல்லாம் இருக்கும். நல்ல கணிதர் இத்துடன் நிற்க மாட்டார். ‘இன்ன நூலில் இத்தனையாவது தேற்றம்’ என்றே சுட்டுவார். ஐந்நூறு பக்க நூலைக் காட்டி ‘இதற்குள் எங்கோ இருக்கிறது’ என்று சொல்வது, விலாசம் கேட்டவருக்குத் ‘தேனி மாவட்டம்’ என்று விடை சொல்வதற்கு ஒப்பாகும். கணிதத்தில் ஒரு நிரூபணம் மற்றொரு நிரூபணத்தின் மேல் நிற்கிறது. அடியில் உள்ள கல் பொய்யாக இருந்தால் மேலே கட்டியது முழுவதும் சரியும். ஆகவே, படிப்பவர் தாமே போய்ச் சோதிக்க வழி காட்ட வேண்டியது கட்டாயமாகிறது.

அவர்களிடமும் ஒரு ‘என்ப’ உண்டு. எல்லோரும் அறிந்த, ஆனால் யார் முதலில் நிறுவினார் என்று தெரியாத முடிவை அவர்கள் ‘நாட்டார் வழக்கு’ என்றே பெயரிட்டு அழைக்கிறார்கள். நாட்டுப்புறப் பாடலுக்கு நாம் வழங்கும் அதே சொல்தான்!

பெயர் சொன்னதால் ஒருவர் எப்படிக் காக்கப்பட்டார் என்பதற்கு நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. நம் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளி மலைப்பாதை ஏறினால் கேரளம். அங்கே சங்கமகிராமத்தில் பதினான்காம் நூற்றாண்டில் பிறந்தவர் மாதவர். வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தை முடிவில்லாத ஒரு தொடராக எழுதும் முறையைக் கண்டவர். ஐரோப்பாவில் லைப்னிட்ஸ் அதே தொடரை எட்டுவதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு மேல் முந்தியவர். மாதவரின் வானியல் நூல்கள் சில கிடைத்துள்ளன. ஆனால் இத்தொடரைப் பற்றி அவரே எழுதிய நூல் எதுவும் கிடைக்கவில்லை. பிறகு எப்படி அறிகிறோம்? அவர் வழிவந்த மாணாக்கர்கள், அவருக்கு நூறாண்டுகளுக்குப் பின்னரும், ‘இது மாதவர் சொன்னது’ என்று பெயர் சொல்லி எழுதினார்கள். சங்கர வாரியர் போன்றோர் அதைத் தம் கண்டுபிடிப்பாகக் காட்டியிருந்தால் மறுக்க எவரும் இருந்திருக்க மாட்டார்கள். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. இன்று உலகக் கணித நூல்கள் அதனை மாதவர்–லைப்னிட்ஸ் தொடர் என்று வழங்குகின்றன.

இனி, நம் கும்பகோணத்து இராமானுஜனிடம் வருவோம். அவர் இளமையில் கற்றது கார் என்பவர் தொகுத்த ஒரு நூலிலிருந்து. ஆயிரக்கணக்கான முடிவுகள், நிரூபணங்களோ மிகச் சுருக்கம். இராமானுஜனின் குறிப்பேடுகளும் அப்படியே அமைந்தன. நிரூபணம் அரிது, யாரிடமிருந்து பெற்றது என்ற குறிப்பும் அரிது. பெரிய நூலகங்களின் வாசலைக் காணாத ஓர் இளைஞர், ஐரோப்பா நூறாண்டுகளில் கண்டவற்றைத் தாமே மீண்டும் கண்டுகொண்டிருந்தார். அவற்றுள் எது புதியது, எது முன்பே அறியப்பட்டது என்று பிரித்தறிய அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ண்ட் 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகள் எழுத வேண்டியிருந்தது. விடுபட்ட மேற்கோள்களைப் பிறர் தேடி நிரப்புவது எத்தனை பெரிய உழைப்பு என்பதற்கு அது சான்று.

அந்தக் குறிப்பேடுகளிலிருந்து ஒரே ஒரு முடிவை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஆறு என்னும் எண்ணைக் கூட்டல்களாகப் பிரியுங்கள். பிரிந்த எண்களுள் எந்த இரண்டுக்கும் இடையே குறைந்தது இரண்டாவது வேறுபாடு இருக்க வேண்டும் என்றால், மூன்று வழிகள்தாம் உண்டு: ஆறு தனியே, ஐந்தும் ஒன்றும், நான்கும் இரண்டும். இனி வேறொரு விதி. ஐந்தால் வகுத்தால் ஒன்று அல்லது நான்கு மிஞ்சும் எண்களை மட்டுமே பயன்படுத்திப் பிரியுங்கள்: ஆறு தனியே, நான்கும் இரண்டு ஒன்றுகளும், ஆறு ஒன்றுகள். இதிலும் மூன்று! எந்த எண்ணை எடுத்தாலும் இந்த இரு கணக்குகளும் ஒத்து வரும். இதற்கு அடிப்படையான சமன்பாட்டை இராமானுஜன் இந்தியாவிலேயே கண்டார். நிரூபணம் அவரிடம் இல்லை. கேம்பிரிட்ஜில் ஹார்டி தமக்குத் தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டும் எவராலும் நிறுவ முடியவில்லை. 1916-இல் மாக்மகன் என்னும் அறிஞர் தம் பெருநூலில் நிரூபணம் இல்லாமலேயே இதனை வெளியிட்டார்.

1917-இல் இராமானுஜன் இலண்டன் கணிதச் சங்கத்தின் பழைய இதழ்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். தற்செயலாக ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. லீட்ஸ் நகரத்துப் பேராசிரியர் எல். ஜே. ரோஜர்ஸ் 1894-இல் எழுதியது. எல்லோரும் தேடிக்கொண்டிருந்த சமன்பாடு அதில் நிரூபணத்துடனேயே இருந்தது! இருபத்து மூன்று ஆண்டுகள் அது கவனிப்பாரற்றுக் கிடந்தது. இராமானுஜன் வியந்து பாராட்டியதை ஹார்டி பதிவு செய்திருக்கிறார்.

இங்கே சற்று நின்று எண்ணிப் பாருங்கள். அந்த நாளில் இராமானுஜனின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்த சமன்பாடு அது. இதழை மூடி வைத்திருந்தால் யாரும் அறிந்திருக்க மாட்டார்கள். அவர் ரோஜர்ஸின் பெயரைச் சொன்னார். ரோஜர்ஸோடு கடிதத் தொடர்பு ஏற்பட்டது. ரோஜர்ஸ் தம் நிரூபணத்தை எளிமையாக்கினார். இராமானுஜனும் ஒரு நிரூபணம் கண்டார். 1919-இல் ஹார்டியின் முன்குறிப்போடு இரண்டும் சேர்ந்து வெளிவந்தன. மறக்கப்பட்டிருந்த ரோஜர்ஸ் 1924-இல் இராயல் சங்கத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இன்று அது ரோஜர்ஸ்–இராமானுஜன் சமன்பாடு. இதனால் இராமானுஜன் புகழில் ஓர் அணுவும் குறையவில்லை என்பதை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை.

எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை. செங்கோட்டைக்கு அருகே வல்லத்தில் 1901-இல் பிறந்த எஸ். எஸ். பிள்ளை, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டாக எழுதலாம். கன எண்கள் என்றால் ஒன்பது போதும். மேலும் உயர்ந்த அடுக்குகளுக்கு எத்தனை தேவை? 1770-இல் வேரிங் எழுப்பிய கேள்வி இது. பெரும்பாலான அடுக்குகளுக்கு 1936-ஐ ஒட்டிப் பிள்ளை விடை கண்டார். அதே காலத்தில் அமெரிக்காவில் டிக்சனும் தனியே கண்டார். டிக்சன் இருந்தது சிகாகோவில். பிள்ளையின் கட்டுரைகள் வந்தது அண்ணாமலைப் பல்கலைக்கழக இதழிலும் இந்தியக் கணிதக் கழக இதழிலும். எந்த இதழ் உலகின் மேசைக்கு விரைவில் போயிருக்கும் என்று ஊகிக்கலாம். இன்று நல்ல நூல்கள் இருவர் பெயரையும் எழுதுகின்றன. 1950-இல் பிரின்ஸ்டன் செல்லும் வழியில் கெய்ரோ அருகே விமான விபத்தில் பிள்ளை மறைந்தார். சிறிய ஊரின் சிறிய இதழில் எழுதுவோருக்கு மேற்கோள் என்பது மரியாதை மட்டுமன்று, உயிர்.

கணினி அறிவியலுக்கு வருவோம். அங்கே வேகம் மிகுதி. ஒரு முடிவு முதலில் மாநாட்டில் சுருக்கமாக வரும். முழு நிரூபணம் சில ஆண்டுகள் கழித்து இதழில் வரும். சென்னையில் பிறந்த மது சூதன் உள்ளிட்ட ஐவர், ஒரு நிரூபணத்தின் சில எழுத்துகளை மட்டும் பார்த்தே அதன் மெய்ம்மையைச் சோதிக்கலாம் என்னும் தேற்றத்தை 1992-இல் மாநாட்டில் அளித்தனர். இதழில் வந்தது 1998-இல். எந்த ஆண்டைக் குறிப்பது? முன்னுரிமைக்கு முதலாவது, சரிபார்க்க இரண்டாவது. நேர்மையானவர்கள் இரண்டையும் குறிக்கிறார்கள். அங்கே ஆசிரியர் பெயர்களை அகரவரிசையில் எழுதுவது வழக்கம். அதனால் ‘அரோராவும் பிறரும்’ என்று சுருக்கும்போது நம் சென்னைக்காரர் ‘பிறர்’ என்ற சொல்லுக்குள் மறைந்துவிடுகிறார். சுருக்கத்துக்கும் ஒரு விலை உண்டு.

2002-இல் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய மூவரும் ஓர் எண் பகா எண்ணா என்று விரைவாகவும் ஐயமின்றியும் அறியும் முறையைக் கண்டு உலகை வியக்க வைத்தனர். கட்டுரையின் முதல் வடிவம் சுற்றுக்கு வந்ததும், ஹென்ட்ரிக் லென்ஸ்ட்ரா அதன் ஒரு பகுதியை எளிதாக்கும் வழியைச் சொன்னார். 2004-இல் அச்சேறிய வடிவம் அந்த எளிய வழியைக் கைக்கொண்டு, அது லென்ஸ்ட்ராவின் கருத்து என்று வெளிப்படையாகக் கூறுகிறது. வெற்றியின் உச்சியில் நிற்கும்போதும் பெயர் சொன்னார்கள்.

எந்த நல்ல மரபையும் கெடுக்க ஒரு வழி உண்டு. அதை எண்ணத் தொடங்குவதுதான் அது. ஒருவர் கட்டுரையை எத்தனை பேர் சுட்டினர் என்ற கணக்கு, பதவிக்கும் பரிசுக்கும் அளவுகோல் ஆயிற்று. உடனே, தம்மைத் தாமே சுட்டுவோரும், ஒருவரையொருவர் சுட்டிக்கொள்ளும் கூட்டங்களும் தோன்றின. நிலைமை முற்றியதால், அதிகம் சுட்டப்பட்டோர் பட்டியலை ஆண்டுதோறும் வெளியிடும் கிளாரிவேட் நிறுவனம், 2023-இல் கணிதத் துறையையே அப்பட்டியலிலிருந்து நீக்கியது. இன்று கணினியிடம் மேற்கோள் கேட்டால், இல்லாத கட்டுரைக்கும் தலைப்பும் ஆண்டும் எழுதித் தரும் நிலையும் வந்திருக்கிறது. படிக்காத நூலைச் சுட்டுவது, படித்த நூலை மறைப்பதன் உடன்பிறப்பு.

அன்பர்களே, கவிதைக்கு அடிக்குறிப்பு வேண்டும் என்று நான் வாதிடவில்லை. கவிதை தன் முன்னோரை ஓசையிலும் உருவத்திலும் வணங்கும். அது வேறு முறை. ஆனால் கவிஞன் கவிதை மட்டும் எழுதுவதில்லை. முன்னுரை எழுதுகிறான், தொகுப்பு வெளியிடுகிறான், மேடையில் பேசுகிறான். நம் வட்டாரத்துத் தாலாட்டிலிருந்தும் ஒப்பாரியிலிருந்தும் எத்தனை உவமைகள் அச்சுக்கு வந்திருக்கின்றன! களையெடுக்கும்போது பாடிய அந்த அம்மாவின் பெயர் எத்தனை முன்னுரைகளில் இருக்கிறது? ‘கிராமத்துப் பாடல்’ என்று எழுதி முடித்துவிடுகிறோம். அது நம் காலத்து ‘என்ப’.

1895-இல் முல்லைப் பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பிய பென்னிகுக்கின் பெயரைத் தம் பிள்ளைகளுக்குச் சூட்டி மகிழும் பள்ளத்தாக்கு இது. நீர் வந்த வழியைப் பெயர் சொல்லிப் போற்றும் பண்பு நமக்குப் புதிதன்று. ஆனால் அதே அணையைக் கட்டுகையில் காட்டில் காய்ச்சல் கண்டு மாண்ட தொழிலாளர் பலரின் பெயர்கள் நம்மிடம் இல்லை. யாரும் எழுதி வைக்கவில்லை. இன்று நாம் விரும்பினாலும் அவர்களைப் பெயர் சொல்லி அழைக்க முடியாது.

ஆகவே இந்த வட்டத்துக்கு என் வேண்டுகோள் மூன்று. பாடலைச் சேகரித்தால், பாடியவர் இசைவோடு அவர் பெயரையும் ஊரையும் நாளையும் எழுதுங்கள். ஒரு கருத்தை எடுத்தாண்டால், நூலின் பெயரோடு பக்கத்தையும் சுட்டுங்கள். அடுத்த பத்தாண்டு மலரில், நமக்கு முன் இந்தப் பகுதியில் எழுதி, சிறு இதழ்களோடு மறைந்துபோன கவிஞர்களின் பட்டியல் ஒன்று இடம்பெறட்டும். எங்கோ ஒரு பழைய இதழைப் புரட்டும் இளைஞன் ஒருவன், நமக்கு முன்னே ஒரு ரோஜர்ஸ் இருந்தார் என்று கண்டுகொள்ளட்டும்.