பரிசு யாருக்கு? தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளும் நமது நன்கொடையும்

(நமது ஜமாஅத் ஆண்டு விழாவில், பள்ளி மாணவ மாணவியருக்குப் பரிசு வழங்கும் அமர்வில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

இம்மேடையில் பரிசுப் பொருட்கள் அழகாக அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. கடைத்தெருவில் வியாபாரம் செய்யும் சகோதரர்களும், கடல் கடந்து உழைக்கும் சகோதரர்களும் மனமுவந்து அளித்த நன்கொடையிலிருந்து வாங்கப்பட்டவை இவை. அல்லாஹ் அவர்களுடைய பொருளில் பரக்கத் செய்வானாக! இன்று பரிசு பெறும் பிள்ளைகளுக்கும் எனது மனமார்ந்த வாழ்த்துகள். ஆயினும், வரும் ஆண்டிற்கான பரிசு நிதியைத் திட்டமிடும் முன்னர் நாம் சிந்தித்துப் பார்க்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு. நாம் கொடுக்கும் இப்பொருள் ஒரு பிள்ளையின் படிப்பை எவ்வாறு வளர்க்கிறது?

ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்தால், முதல் மூன்று இடங்களைப் பெற்றவர்களை மேடைக்கு அழைக்கிறோம். மற்ற முப்பத்தேழு பேர் கைதட்டிவிட்டு வீடு திரும்புகிறார்கள். அந்த மூவரும் பரிசு இல்லாவிட்டாலும் படிக்கக்கூடியவர்கள். வீட்டில் சொல்லித் தர ஆள் இருப்பவர்கள். அத்தா விடியுமுன் கடலுக்குப் போய்விட, தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் வரும் பிள்ளையும், மாமல்லபுரத்துச் சிற்பக் கூடத்தில் கல் செதுக்கும் கூலித் தொழிலாளியின் பிள்ளையும் இந்த மேடையைக் கீழிருந்தே பார்த்து வளர்கிறார்கள். யாருக்கு ஊக்கம் தேவையோ அவருக்கு அது சென்று சேருவதில்லை. ஆகவே நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: முயன்றால் எந்தப் பிள்ளையாலும் செய்ய முடிகிற செயலுக்குப் பரிசு கொடுங்கள், பிறரை வென்றால் மட்டுமே கிடைக்கும் இடத்திற்குக் கொடுக்காதீர்கள்.

நம் மாவட்டம் கண்ட வழி

இது புதிய கருத்து அன்று. 1956ஆம் ஆண்டு காமராசர் அவர்களின் ஆட்சியில் பள்ளி மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோது, அது ஊர் மக்களின் நன்கொடையைக் கொண்டே நடைபெற்றது. பின்னரே அரசும் செலவில் பங்கேற்றது. அப்போது பொதுக் கல்வி இயக்குநராக விளங்கிய நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் நெய்யாடுபாக்கத்தில் பிறந்தவர். அவருடைய முயற்சியால் 1958இல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தொடங்கின. முதல் மாநாடு நடைபெற்ற கடம்பத்தூரும் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததே. ஊரார் ஒன்றுகூடி, கரும்பலகை, இருக்கை, கடிகாரம், சீருடை என்று தம்மால் இயன்றதைத் தம் ஊர்ப் பள்ளிக்கு வழங்கினர்.

அந்தக் கொடையின் தன்மையைக் கவனியுங்கள். முதல் மதிப்பெண் பெற்றவனுக்குத்தான் சோறு என்று யாரும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்திற்கு வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் தட்டு வைத்தார்கள். வருவது பிள்ளையின் கையில் இருந்தது. வந்ததற்கு உணவு கிடைத்தது. அதே வழியில் 1982இல் எம்.ஜி.ஆர் அவர்களின் ஆட்சியில் சத்துணவுத் திட்டமும், 2022 செப்டம்பர் 15 அன்று காலை உணவுத் திட்டமும் வந்தன. 2022 டிசம்பரில் அரசுப் பள்ளிகளுக்குப் பொதுமக்கள் நன்கொடை வழங்குவதற்கென்றே ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. ஊரார் கொடுத்துப் பள்ளியை வளர்க்கும் மரபு நம் மண்ணில் வேரூன்றியது என்பதற்கு இவையே சான்று.

படிப்பதற்குக் கூலியா?

சிலர் கேட்கலாம்: “ஹழ்ரத், பிள்ளைகள் படிப்பது அவர்கள் கடமை அல்லவா? அதற்குக் கூலி கொடுத்தால் பேராசை அல்லவா வளரும்?” நியாயமான கேள்வி. இதற்கு இரு பக்கமும் சான்றுகள் உள்ளன.

ஹார்வர்டு பல்கலைக்கழகப் பொருளியல் அறிஞர் ரோலண்ட் ஃபிரையர் அமெரிக்க நகரங்கள் சிலவற்றின் பள்ளிகளில் ஆய்வு நடத்தி, 2011இல் முடிவுகளை வெளியிட்டார். நியூயார்க் நகரில் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்ற மாணவர்களுக்குப் பணம் தரப்பட்டது. படிப்பில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்படவில்லை. டல்லாஸ் நகரில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, ஒரு புத்தகத்தைப் படித்து அதைப் பற்றிய சிறு கேள்விகளுக்கு விடை சொன்னால் 2 டாலர் தரப்பட்டது. அங்கே வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் உயர்ந்தது. காரணம் விளங்குவதற்கு எளிது. மதிப்பெண்ணை உயர்த்த என்ன செய்ய வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரியாது. புத்தகத்தைத் திறந்து படிப்பது எப்படி என்று தெரியும்.

இதில் வியப்பு என்னவென்றால், இந்த வழியை நம் முன்னோர்கள் எப்போதோ அறிந்திருந்தார்கள். இறைநேசர் இப்ராஹீம் இப்னு அத்ஹம் (ரஹ்) அவர்களின் தந்தை, ஒரு ஹதீஸைக் கேட்டு மனனம் செய்யும்போதெல்லாம் ஒரு திர்ஹம் தருவதாக மகனிடம் கூறினார் என்றும், அதன் பொருட்டே அவர் ஹதீஸைத் தேடத் தொடங்கினார் என்றும் அறிவிக்கப்படுகிறது. மற்ற மாணவர்களை விஞ்ச வேண்டும் என்று அந்தத் தந்தை நிபந்தனை விதிக்கவில்லை. மகன் தன் முயற்சியால் செய்யக்கூடிய ஒன்றுக்கே விலை வைத்தார். திர்ஹத்திற்காகத் தொடங்கிய தேடல், திர்ஹம் தேவைப்படாத இடத்தில் அவரைக் கொண்டு சேர்த்தது.

மறுபக்கமும் உண்டு. 1973இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மழலையர் பள்ளியில், வண்ணப் பேனாவால் படம் வரைவதை இயல்பாகவே விரும்பும் சிறு பிள்ளைகளைக் கொண்டு லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூவர் ஓர் ஆய்வு செய்தனர். ஒரு பிரிவினரிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். மற்றொரு பிரிவினருக்கு எதிர்பாராமல் அதையே கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவினருக்கு ஒன்றும் தரவில்லை. சில நாட்கள் கழித்துக் கவனித்தபோது, முன்கூட்டியே பரிசு பேசப்பட்ட பிள்ளைகள் மற்றவர்கள் வரையும் நேரத்தில் ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தார்கள். விருப்பத்தோடு செய்துகொண்டிருந்தது, பரிசுக்காகச் செய்யும் வேலையாக மாறிவிட்டது. எதிர்பாராமல் பெற்றவர்களுக்கோ ஆர்வம் குறையவில்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தெளிவு பிறக்கும். பிள்ளைக்கு இன்னும் பழக்கப்படாத, கடினமாகத் தோன்றும் செயலைத் தொடங்கி வைக்கப் பரிசு உதவும். ஏற்கனவே ஆசையோடு செய்வதற்குப் பேரம் பேசினால் அந்த ஆசையே தேய்ந்துவிடும். ஆகவே பரிசு என்பது சைக்கிள் பழகும் பிள்ளையின் முதுகைப் பிடிக்கும் கை போன்றது. தொடக்கத்தில் பிடிக்க வேண்டும். ஓட்டத் தெரிந்ததும் கையை எடுத்துவிட வேண்டும்.

விளையாட்டு வீணா?

பரிசைப் போலவே நாம் தவறாக எடை போடும் மற்றொன்று விளையாட்டு. “விளையாடாதே, படி” என்பது நம் வீடுகளில் தினமும் ஒலிக்கும் சொல். ஆனால் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது ‘இஹ்யா’ நூலில், பாடம் முடிந்து வந்த பிள்ளையை நன்றாக விளையாட விட வேண்டும், விளையாட்டைத் தடுத்து ஓயாமல் கல்வியைத் திணித்தால் அவனது உள்ளம் மடிந்துபோகும் என்னும் கருத்தை வலியுறுத்துகிறார்கள். ஆஷூரா நோன்பு நோற்ற சிறு பிள்ளைகள் பசியால் அழுதபோது, சஹாபாப் பெண்மணிகள் கம்பளியால் பொம்மை செய்து கொடுத்து, நோன்பு திறக்கும் நேரம் வரை அவர்களை அதில் ஈடுபடுத்தினார்கள் என்று ஸஹீஹான ஹதீஸில் வருகிறது. பிள்ளைக்குக் கடினமாக இருந்த ஒன்றைத் தாங்கச் செய்ய, அத்தாய்மார்கள் கைக்கொண்டது அதட்டலை அல்ல, பொம்மையை.

தமிழகப் பள்ளிகளும் இவ்வழியில் நடந்துள்ளன. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியினரின் முறையைப் பின்பற்றி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் பரவியது. அட்டைகளையும் ஏணிப்படிகளையும் கொண்டு ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் முன்னேறும் முறை அது. 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்திலும் ஆடலும் பாடலும் பொம்மைகளும் பாடத்திற்குள் வந்தன. நம் பாட்டிமார்களின் பல்லாங்குழியை நினைத்துப் பாருங்கள். பதினான்கு குழிகளில் புளியங்கொட்டையைப் பகிர்ந்து போடும் பிள்ளை, எண்ணவும் பகிரவும் அடுத்த ஆட்டத்தை முன்கூட்டியே கணக்கிடவும் தானாகவே கற்றுக்கொள்கிறது.

2022 ஜூலை 28 முதல் ஆகஸ்டு 10 வரை, நமக்கு அருகில் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடைபெற்றதை அறிவீர்கள். அதையொட்டி அரசுப் பள்ளிகளில் சதுரங்கப் போட்டிகள் நடத்தப்பட்டன. அதுவரை காயைத் தொட்டிராத பிள்ளைகள் பலர் அன்றுதான் பலகையின் முன் அமர்ந்தனர். பொதுப் பிரிவில் தங்கம் வென்றது இமாம் புகாரி (ரஹ்) பிறந்த மண்ணான உஸ்பெகிஸ்தானின் இளைஞர் அணி. நம் சென்னைப் பிள்ளை குகேஷ், 16 வயதில் அங்கே முதல் பலகையில் தங்கம் பெற்று, 2024 டிசம்பரில் உலகச் சாம்பியன் ஆனார்.

சதுரங்கம் பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பணயம் வைக்கக் கூடாது, தொழுகை தவறக் கூடாது என்பதில் மட்டும் வேறுபாடு இல்லை. இங்கே ஒரு நுணுக்கத்தைப் பெற்றோர்கள் அறிய வேண்டும். பிள்ளைகள் ஆளுக்கு ஐந்து ரூபாய் போட்டு, வென்றவன் அனைத்தையும் எடுத்துக்கொண்டால் அது சூது. போட்டியில் கலந்துகொள்ளாத ஒருவர், எவருக்கும் இழப்பின்றித் தம் பொருளிலிருந்து கொடுப்பது அன்பளிப்பு. நன்கொடையாளரின் சிறப்பு இதில்தான் உள்ளது.

நிர்வாகக் குழுவுக்குச் சில வேண்டுகோள்கள்

ஒன்று: ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வாசிப்பு அட்டை கொடுப்போம். ஒரு கதைப் புத்தகத்தைப் படித்து, அந்தக் கதையைத் தன் சொந்த வார்த்தையில் ஆசிரியரிடம் சொன்னால் ஒரு கட்டத்தில் கையொப்பம். பத்துக் கட்டங்கள் நிறைந்தால் பரிசு. நாற்பது பேரும் நிறைத்தால் நாற்பது பேருக்கும் பரிசு.

இரண்டு: கேடயமும் கோப்பையும் அலமாரியில் தூசு படியும். அந்தத் தொகையில் கதைப் புத்தகம், வண்ணப் பென்சில், ஸ்கிப்பிங் கயிறு, பந்து ஆகியவற்றை வாங்குவோம். பெற்ற பரிசு மறுநாளும் பிள்ளையின் கையில் இருக்க வேண்டும்.

மூன்று: தனிப் பரிசோடு, நம் ஊர்த் தொடக்கப் பள்ளிக்கு ஒரு விளையாட்டுப் பெட்டி கொடுப்போம். அதில் சதுரங்கப் பலகை, பல்லாங்குழி, எழுத்து அட்டைகள் இருக்கட்டும். அங்கே எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். பெட்டி அவர்கள் அனைவருக்கும் பொதுவாக இருக்கட்டும்.

நான்கு: வாசிப்புப் பழக்கம் வேரூன்றிய பிள்ளைக்குப் பரிசைப் படிப்படியாகக் குறைத்து, எப்போதாவது எதிர்பாராத நேரத்தில் ஒரு நல்ல புத்தகத்தைக் கொடுப்போம்.

ஐந்து: கொடுப்பவரின் பெயரைச் சொல்லி, பெறும் பிள்ளையின் வறுமையை மேடையில் விளக்க வேண்டாம். தான் உழைத்துப் பெற்றதாகவே அப்பிள்ளை அதை உணர வேண்டும். இரக்கத்தினால் கிடைத்தது என்று எண்ணிவிட்டால் ஊக்கம் வெட்கமாக மாறிவிடும்.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை பரிசுடன் வீட்டிற்கு வந்தால், “என்ன விலை இருக்கும்?” என்று பொருளைத் திருப்பிப் பார்க்காதீர்கள். “எந்தக் கதையைப் படித்தாய்? எனக்கும் சொல்” என்று கேளுங்கள். படிக்கத் தெரியாத தாயும் கதை கேட்கலாம். நன்கொடையாளர் எவராலும் கொடுக்க முடியாத பரிசு அது.

வரும் பொதுக்குழுவில் நிர்வாகத்தார் இவற்றைப் பரிசீலித்து, இன்ஷா அல்லாஹ், அடுத்த ஆண்டு விழாவில் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் இம்மேடையிலிருந்து அழைக்கப்பட ஆவன செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கொடுப்பவர்களின் கைகளுக்கு வல்ல நாயன் மேலும் வலிமை தருவானாக! நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், கல்வியின் மீது குறையாத ஆசையையும் வழங்குவானாக! ஆமீன்.