சமையலறைக்கு வந்த எண்ணெய்
(நமது ஆஸ்பத்திரியின் வருடாந்தர நன்றியறிதல் கூட்டத்தில் ஆஸ்பத்திரிப் போதகர் பேசியது)



சென்ற அறுப்பின் பண்டிகையில் ஒரு சபையார், நோயாளிகளின் சமையலுக்கென்று ஒரு கேன் நிறைய எண்ணெய் கொண்டுவந்தார்கள். கேனில் சீல் இல்லை, கடை ரசீதும் இல்லை. நாங்கள் வாங்கிக்கொள்ளவில்லை. அவர்கள் மனம் நொந்து திரும்பியதை அறிவோம். ஆகவே காரணத்தைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

1998 ஆகஸ்டில் டெல்லியில் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் ஆஸ்பத்திரிகளுக்கு வந்தார்கள். இரு கால்களிலும் வீக்கம், மூச்சுத்திணறல். சிலருக்குக் கண்ணில் நீரழுத்தம். அவர்கள் சமைத்த கடுகெண்ணெயில் பிரமதண்டு விதையின் எண்ணெய் கலந்திருந்தது. 60 பேருக்குமேல் மரித்தார்கள். பிரமதண்டு வேறெங்கோ வளரும் செடியல்ல; நம்மூர் ரோட்டோரத்தில் மஞ்சள் பூவும் முள்ளுமாக நிற்கிறதே, அதுதான். விதை பார்வைக்குக் கடுகுபோலவே இருக்கும். நூற்றில் ஒரு பங்கு எண்ணெய் கலந்தாலே நோய் வரலாம். நாவுக்கோ மூக்குக்கோ அது தெரியாது. பரிசோதனைச் சாலையில்தான் தெரியும்.

இந்த வியாதி 1877-லேயே கல்கத்தாவில் காணப்பட்டது. வெகுகாலம் அதைப் பெரிபெரி என்று எண்ணினார்கள், அரிசியின்மேல் பழி போட்டார்கள். ஒரே வீட்டில் பலருக்கு ஒரே சமயத்தில் கால் வீங்கினால், "எந்த எண்ணெயில் சமைக்கிறீர்கள், எங்கே வாங்கினீர்கள்?" என்று முதலில் கேட்கவேண்டும். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்றால் சந்தேகம் இன்னும் பலப்படும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. அந்த எண்ணெயை நிறுத்துவதே முதல் வைத்தியம்.

கோதுமையோடு பதரையும் விற்றவர்களை ஆமோஸ் தீர்க்கதரிசி கண்டித்தார். வாங்கினவர்கள் ஏழைகள் என்பதையும் கவனியுங்கள். இன்றும் சில்லறையாக ஊற்றி வாங்குகிறவர்கள் அவர்களே. 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கெட்ட உணவை விற்று உயிர் போனால் குறைந்தது 7 ஆண்டு சிறை. ஆயுள் தண்டனையும் உண்டு. ஆனால் மீந்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றிவிட்டால் வழக்குக்குச் சாட்சி எங்கே? சந்தேகம் வந்தால் எண்ணெயையும் ரசீதையும் பத்திரமாக வைத்து, உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் ஒப்படையுங்கள்.

எண்ணெய் கொடுக்க மனமுள்ளவர்கள் சீல் உடைக்காத டின்னாக, ரசீதோடு தாருங்கள். அல்லது சமையலறை நிதிக்கு அனுப்புங்கள்.

அந்தச் சபையார் மறுமாதமே 4 டின்கள் ரசீதோடு அனுப்பினார்கள். இன்று மத்தியானம் நீங்கள் சாப்பிடப்போகிற குழம்பு அந்த எண்ணெயில் தாளித்ததுதான்.