மருந்துச் சீட்டும் ரகசியமே

சிங்கப்பூரில் 2018ஆம் ஆண்டு ஜூன் 27 முதல் ஜூலை 4 வரை, சிங்ஹெல்த் கணினிக் கட்டமைப்பிலிருந்து 1.5 மில்லியன் நோயாளிகளின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி போன்ற விவரங்கள் திருடப்பட்டன. அவர்களில் ஏறத்தாழ 160,000 பேரின் மருந்து விவரங்களும் பறிபோயின. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கும் தப்பவில்லை.

மறைச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம், பிறந்த தேதியையும் நோயையும் மாற்ற முடியுமா?

ஊடுருவலின் அறிகுறிகளைக் கண்ட ஊழியர்கள் சிலர் உடனே மேலிடத்திற்குத் தெரிவிக்கவில்லை என்பது விசாரணையில் வெளிவந்தது. 2019 ஜனவரியில் இரு நிறுவனங்களுக்கு மொத்தம் ஒரு மில்லியன் வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது.

புதிய மருத்துவச் செயலிகள் வரட்டும். ஆனால் தேவையானதை மட்டும் கேட்க வேண்டும். உரியவர் மட்டும் பார்க்க வேண்டும். தவறு நேர்ந்தால் உடனே சொல்ல வேண்டும். நம்பிக்கை போனால், நோயாளி மருத்துவரிடமே உண்மையை மறைப்பார்.